மருந்து ஏத்தாத படம்

இப்போதெல்லாம் எவனும் வேலையை முழுசாகச் செய்வதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, முடிந்தது, எழுந்து போ என்கிறான். ஸ்கேன் சென்டரிலும் அதேதான். கால் வீங்கி, முகம் ஊதிப்போய் வந்த என்னைப் படுக்கவைத்து வளையத்துக்குள் தள்ளினார்கள். மூச்சை அடக்கு, விடு என்று ஒரு குரல் வந்தது. ஊசி கிடையாது, ஒன்றும் கிடையாது.

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டினார். என் மகள் கனகா என்கூட நின்றாள்.

"ஐயா, ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்குது. வலது எட்டு சென்டிமீட்டர், இடது அதைவிட சின்னது. உங்க ஒசரத்துக்குப் பத்து சென்டிமீட்டராவது இருக்கணும்."

"மருந்து ஏத்தாம எடுத்த படந்தானம்மா. எங்கூட வேலை பாத்த பக்கிரிக்கு ஊசியில சாய மருந்து ஏத்தி எடுத்தாங்க. உள்ள இருக்கிறதெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சிது."

"அவருக்கு கிட்னி நல்லா இருந்திருக்கும், தாங்கிடுச்சி. உங்க ரத்தத்துல உப்பு ஏறிக் கெடக்குது. அந்த மருந்து உள்ள போனா, கிட்னி ஓடுற கொஞ்சமும் நின்னுடும். அளவு பாக்க இது போதும். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க, நாளைக்கே."

எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த ஊர் பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து வந்த சரக்கைச் சோதித்தவன் நான். வெறும் கண்ணுக்கு எல்லாம் நல்ல சரக்குதான். சாயத்தில் முக்கித் துடைத்தால்தான் மயிரிழை விரிசல் சிவப்பாகத் தெரியும். சாயம் விரிசலைக் காட்டாத எதையும் நான் ஒதுக்கித் தள்ளியதில்லை.

வெளியே வந்ததும் சொன்னேன். "கடலூர்ல மருந்து ஏத்தி எடுக்கிறாங்களாம். அங்க போறேன்."

"அந்தம்மா சொன்னது காதுல வுழுவலையாப்பா? நீ என்ன பீங்கான் கோப்பையா, முக்கிப் பாக்க?"

"கோப்பையக் கூட ஒழுங்கா பாத்துதான் அனுப்புனோம்."

"ரத்தத்துல உப்பு இருக்குதான்னு அங்க கேப்பாங்களே?"

"இல்லன்னு சொல்லுவேன்."

கனகா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செத்துப் போயிடுவப்பா. வூட்டுக்கு வா, காலையில பாண்டிக்குப் போவலாம்."

விடியற்காலையிலிருந்து எனக்கு ஒன்னுக்கு வரவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரம்மா பேச்சோடு சேர்த்து முடிச்சுப் போடுவாள்.

அவள் கையை விலக்கினேன். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். எட்டு சென்டிமீட்டராம். தொட்டுக்கூடப் பார்க்காமல்.