ஆறாவது பிளேடு

டேல் என்ற அமெரிக்கருக்கு நான் எழுதியவை மூன்று கடிதங்கள். முதலாவதில் என்னைப் பற்றி: பெயர் திருமூர்த்தி, ஊர் உடுமலைப்பேட்டை, இந்திய விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டர், பதினோரு வருடம் டக்கோட்டா விமானத்தில் வேலை. இரண்டாவதில் வேண்டுகோள்: உங்கள் நிலத்தில் நிற்கும் டக்கோட்டாவை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு தடவை பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவதில் தேதி: பதினெட்டு, செவ்வாய்க்கிழமை ஊர் திரும்புகிறேன், இனி இவ்வளவு தூரம் பறக்கக் கூடாது என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாவதற்குத்தான் ஒரு தபால் அட்டை வந்தது. 'சனிக்கிழமை பத்து மணி. பூட்ஸ் போட்டு வரவும். பாம்பு உண்டு.'

"ஒரு இன்ஜின் சத்தத்துக்கு மூணு லெட்டருங்களா மாமா? ஒரு டெக்ஸ்ட் பண்ணிருந்தா முடிஞ்சுது," என்றார் மருமகன் கதிர், ஃப்ரீவேயில் காரை ஓட்டிக்கொண்டே.

"அந்தாளு போனே வெச்சுக்கறதில்லீங்க மாப்ள."

"செரியான ஜோடிதான் போங்க."

மகள் வீடு இருக்கும் சுகர் லேண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். மாடுகள் மேயும் புல்வெளியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது டக்கோட்டா.  அந்தச் சத்தத்தைக் கேட்டு நாற்பது வருடம். அந்த இன்ஜின் முதலில் இருமும். பிறகு ஒன்று, இரண்டு என்று சிலிண்டர்கள் பிடித்துக்கொள்ளும். பதினான்கும் சேர்ந்ததும் சத்தம் காதில் இருக்காது, நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும். தூக்கத்தில் நான் அதை வாயால் உறுமுவதாக என் மனைவி பவளம் இருந்தவரை கேலி செய்வாள்.

டேல் எழுபது தாண்டிய ஒல்லி மனிதர். பதினாறு வருடமாகத் தனியாகவே அதைப் பழுது பார்த்துக் காப்பாற்றி வருகிறார். இடது இன்ஜினைக் கழற்றி மரப்பெட்டியில் வைத்திருந்தார். ஓடக்கூடியது வலதுதான். புரொப்பெல்லரை என்னையே சுற்றிவிடச் சொல்லிவிட்டு மேலே விமானி இருக்கைக்கு ஏறினார்.

இந்த மாதிரி இன்ஜின் சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கும். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுற்றி அதன் இறக்கைகள் கடப்பதை ஒன்பது பிளேடு வரை எண்ண வேண்டும். எண்ணெய் தேங்கியிருந்தால் பிளேடு இடித்து நிற்கும். இடித்த பிறகும் அழுத்தினால் உள்ளே பிஸ்டன் தண்டு வளையும்.

"சுவிட்ச் ஆஃப்?" என்று கத்தினேன்.

"ஆஃப்!" என்றார் டேல் மேலிருந்து.

நானும் கதிரும் இழுத்தோம். ஐந்து பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. ஆறாவது நின்றுவிட்டது.

"தள்ளிக்கங்க மாமா, நான் ஒரு அமுக்கு அமுக்கறேன்," என்று கதிர் தோளைக் கொடுத்தார்.

"கையை எடுங்க மாப்ள!" நான் போட்ட அதட்டலில் மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

டேல் இறங்கி வந்து அடியில் இருந்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். எண்ணெய் என் வலது உள்ளங்கையில் கொட்டியது. வடியட்டும், அரை மணியில் ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கையை வெயிலில் நீட்டினேன். கருப்பு எண்ணெயில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

மூக்குக் கண்ணாடியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் டேல். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், சுத்தமாக இருந்தால் ஓட்டலாம் என்றார்.

ஐந்து நிமிடம் ஓடினால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். பழுது அவருக்குத் தெரியவே மாதக்கணக்காகும். செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். எண்ணெயை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது.

"வேண்டாம்," என்றேன். "உலோகத் தூள். இன்ஜினை இறக்கியாக வேண்டும்."

டேல் போய் விமானத்தின் டயர் மேல் உட்கார்ந்தார். இதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகும் என்றார். பிறகு எழுந்து வந்து என் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

திரும்பும் வழியில் கதிர் கேட்டார். "யூடியூப்ல டக்கோட்டா ஸ்டார்ட் ஆகற வீடியோ நெறைய இருக்குதுங்க மாமா. போடட்டுங்களா?"

"வேண்டாங்க மாப்ள."

வீட்டில் மகள் ஓவியா சோறு போட்டு வைத்திருந்தாள். "என்னப்பா, கையெல்லாம் பெட்ரோல் பங்க் வாசம்! சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

"ஸ்பூன் ஒண்ணு குடும்மா." எண்ணெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"வந்து ஆறு மாசமா ஸ்பூனைத் தொட்டதில்ல, இன்னைக்கு என்ன புதுசா?"

கதிர் எழுந்து போய் ஸ்பூனை எடுத்து வந்து என் தட்டில் வைத்தார்.