நீர்க்க நீர்க்க ஏறிய கோடு

தம்பியின் ரத்தத்தை, தான் வேலை பார்க்கும் லேபில், அவளே இயந்திரத்தில் ஏற்றினாள். மாதக்கணக்காக முதுகுவலி, சிறுநீரில் நுரை. லைட் செயின் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

நோயை எதிர்க்கும் புரதம் ஒவ்வொன்றிலும் பெரிய சங்கிலி இரண்டு, சின்னச் சங்கிலி இரண்டு. சின்னதுதான் லைட் செயின். அதைச் செய்யும் பிளாஸ்மா செல்களில் ஒன்று கட்டுமீறிப் பெருகினால், உதிரிச் சங்கிலிகள் ரத்தத்தில் பெருக்கெடுத்துச் சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

எண் சிறியதாக வந்தது. அறிகுறி இருந்தும் எண் சிறியதாக வரும் மாதிரியை நீர்க்கச் செய்து இன்னொரு முறை ஓட்டிய பிறகே வாய் திறப்பது அந்த லேபின் வழக்கம். சொந்தத் தம்பி என்றதும் மனசு பொறுக்கவில்லை. போன் செய்து நார்மல் என்று சொல்லிவிட்டாள்.

"முதுகுவலிக்கு இத்தனை குழாய் ரத்தமா? கொசுவுக்குக்கூட மனசாட்சி இருக்குக்கா," என்றான். இனி டாக்டர் எதற்கு, கடையில் வாங்கும் வலி மாத்திரை போதும் என்றும் சொன்னான். அவளும் சரி என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் மற்ற முடிவுகள் வந்தன. சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. மற்ற எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அடிமட்டத்தில், யாரோ உள்ளே புகுந்து அவற்றை வெளியே தள்ளிவிட்டதுபோல. நேற்று வந்த சின்ன எண்ணை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

பரிசோதனை நடப்பது இப்படித்தான். ரத்தத்தோடு சேர்க்கும் சோதனைத் திரவத்தில் உள்ள துகள்கள் சங்கிலியைப் பிடிக்கும். ஒரே சங்கிலியை இரண்டு துகள்கள் பிடித்தால் அவை கோத்துக்கொள்ளும். கோக்கக் கோக்கத் திரவம் கலங்கும். கலங்கலைத்தான் இயந்திரம் எண்ணாக்குகிறது. சங்கிலிகள் அளவுக்கு மீறி இருந்தாலோ, ஒவ்வொரு துகளுக்கும் கை நிறையத் தனிச் சங்கிலி. பங்கு போட ஆளில்லை, கோப்பதற்கு வழியில்லை. திரவம் தெளிவாக நிற்கும். பாவம், இயந்திரம் குறைவு என்று நினைத்துக்கொள்ளும்.

மிச்சமிருந்த மாதிரியைப் பல மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டினாள். நீர்த்தால் கலங்கல் குறைய வேண்டும். திரையில் கலங்கலைக் காட்டும் கோடு ஏறியது. இன்னும் நீர்க்கச் செய்தாள். இன்னும் ஏறியது.

போனை எடுத்தாள்.

"டேய், அந்த மாத்திரைய இனி தொடாதே. அது கிட்னிய முழுசா சாய்ச்சிடும். நான் சொன்னது தப்பு. கிளம்பி இரு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பயப்படாதக்கா, நுரை நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா?"

"காலைலேர்ந்து ஒண்ணுக்கே வரல," என்று சிரித்தான். "அப்புறம் நுரை எங்கேர்ந்து வரும்?"