முதல் குழி

அன்று காலை மழை தூறியதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. தெஹியோவிட்டப் பக்கத்து அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் ஜீவராணியின் அடுப்படி வாசலில் கொழுந்தனும் தோட்டத் தலைவருமான யோகராஜ் செருப்பைக் கழற்றாமல் நின்றதை மட்டும் எல்லோரும் ஒரேமாதிரி சொல்கிறார்கள்.

"அண்ணி, பூச முடிஞ்ச பொறகு வாங்க. மொதக் கன்ன சுதர்ஷினி வைக்கட்டும்."

சுதர்ஷினி அவன் மனைவி. கன்றுகளை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்த ஜீவராணி நிமிரவில்லை.

மாடு மேய்ந்து மொட்டையாய்ப்போன மேட்டில் பழைய காட்டையே திரும்ப வளர்க்க ஒரு கம்பனி வந்திருந்தது. காடு காற்றிலிருந்து உறிஞ்சும் கரியைக் கார்பன் கிரெடிட் என்று வெளிநாட்டில் விற்பார்களாம். அதற்கான நானூறு கன்றுகளையும் வளர்த்தவள் ஜீவராணி. ஹொர என்ற காட்டு மரத்தின் இறகு வைத்த விதைகளைப் பொறுக்கினாள். தாய்மரத்தடி மண் இல்லாமல் அவை தேறாது என்று அந்த மண்ணையும் தலையில் சுமந்து வந்தாள்.

"மண்ணு சொமக்கயில என் கழுத்த யாரும் பாக்கலையே, தம்பி?"

"நானா சொல்றேன்? லயமே சொல்லுது. தாலி இல்லாத கை வச்சா வாடிப்போகுமாம். கம்பனியிலருந்து வந்த மாத்தயா முன்னால மானத்த வாங்காதீங்க."

"மொளைக்க வச்ச கை இதுதான். அத லயத்துக்குச் சொல்லுங்க."

மேட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. சுதர்ஷினி கன்றோடு முதல் குழியருகே நின்றாள். கூடையுடன் வந்த ஜீவராணி யாரையும் பார்க்காமல் அந்தக் குழியின் முன் மண்டியிட்டுத் தன் கன்றை இறக்கினாள். மணியடித்த பூசாரியின் கை அப்படியே நின்றது.

"அடுத்த குழி ஒனக்கு, சுதர்ஷினி. பையோட வைக்காத, கிழிச்சிட்டு வையி."

பின்னால் நின்ற வயதான வெள்ளையம்மா வெற்றிலையைத் துப்பினாள். "பொட்டு வச்சா போதுமா, பைய கிழிக்கத் தெரிய வேணாமா?"

சிரித்தவர்களை யோகராஜ் முறைத்தான்.

இரண்டே மாதத்தில் ஜீவராணியின் கன்றை முள்ளம்பன்றி கடித்துப் போட்டது. "பாத்தீங்களா, நாங்க சொன்னம்ல" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு வாரம் பேச்சு. நானூற்றில் அறுபது செத்திருந்தன. சுதர்ஷினி நட்ட கன்றும் அவற்றில் ஒன்று. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மத்தியான வெயிலில், லயமே பார்க்க, இரண்டு குழியிலும் ஜீவராணியே மறுபடி நட்டாள்.

யோகராஜ் இன்னமும் தலைவர்தான். வெள்ளையம்மா பென்ஷன் வாங்கிக்கொண்டு மகளிடம் அவிசாவளைக்குப் போய்விட்டாள். சுதர்ஷினி இப்போது நாற்றுமேடையில் ஜீவராணியோடு பை நிரப்புகிறாள். இந்த வருஷப் பூசைக்கும் ஜீவராணியை யாரும் அழைக்கவில்லை. பூசைக்கு லயத்தார் மேடேறி வந்தபோது அவள் முப்பது கன்று நட்டு முடித்திருந்தாள்.