கஞ்சிக்கை

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறிக்குப் போகும் நீள இழைகளான மாம்பழ நிறப் பட்டுப் பாவு விறைப்பாக நின்றது. வெயில் இன்னும் வீட்டு மாடிகளைத் தாண்டவில்லை. புவனேஸ்வரி வாளியில் இருந்த அரிசிக் கஞ்சியில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை முக்கி, வழித்து, பட்டு இழைகளின் மேல் தடவிக்கொண்டே நடந்தாள். எதிர்ப்பக்கம் தேவகி அதே வேகத்தில் வந்தாள். ஒருத்தி முந்தினாலும் கஞ்சி திட்டுத்திட்டாக நின்றுவிடும். வெயில் தெருவில் இறங்கிவிட்டாலோ தடவத் தடவக் காய்ந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒன்பதரை மணிக்கு அவளுக்குப் பரீட்சை. பாவுக்கு உரியவர் வெங்கடேசனிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, அதற்குள் இந்தப் பாவு தறியேறிச் சேலையாக வேண்டும் என்று அவர் நேற்று வீடு தேடி வந்துவிட்டார். பரீட்சைக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நல்லவர். வராவிட்டால் அடுத்த பாவுக்கு வேறு கையைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று மட்டும் சொன்னார்.

எட்டே காலுக்கு எல்லாம் முடிந்திருக்கும். பாவின் நடுவில் ஓர் இழை அறுந்து தொங்குவதை அவள்தான் பார்த்தாள். வெங்கடேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கஞ்சியை வைத்து ஒட்டிவிட்டுப் போகச் சொன்னார். கஞ்சியில் ஒட்டிய இழை இரண்டு நாள் தாங்கும். தறியில் பாதிச் சேலை நெய்தபிறகு விட்டுக்கொடுக்கும். அப்போது நெய்கிறவன் தலையில் விடியும்.

"அறுந்தது அறுந்ததுதாண்ணே. ஒட்டனா ஆச்சா?" என்றாள் புவனேஸ்வரி. எங்கே போயிற்று என்று அதன் மறுமுனையைத் தேடிப் பிடித்து, முடிந்து, முறுக்கி, விட்ட இடத்தில் சேர்த்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

பாவு தெருவில் இருக்கும்வரை சோப்பைத் தொடுவதில்லை என்பது அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. சோப்பின் வழுக்கல் பட்டில் ஏறிவிடும் என்பார்கள். தண்ணீரில் ஒரு முறை அலசி, இடுப்புத் துணியில் துடைத்துக்கொள்வதோடு சரி. காய்ந்துவிட்டால் கழுவிய கை மாதிரியேதான் தெரியும். புவனேஸ்வரி அந்தக் கையோடுதான் ஹால் டிக்கெட்டை எடுத்து ரவிக்கையில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

பத்தாம் வகுப்பு, தனித்தேர்வர். மற்ற நான்கு பாடங்களும் போன முறையே தேறிவிட்டாள். அறிவியல்தான் பாக்கி. அதிலும் செய்முறைக்கு இருபத்தைந்தில் பதினைந்து எடுத்தால்தான் எழுத்துத் தேர்வையே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். தெருக்கோடி நடுநிலைப்பள்ளிச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் இடம் காலியாக இருக்கிறது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், நாற்பது தாண்டியிருக்கக் கூடாது. ஆவணியில் அவளுக்கு நாற்பது முடிகிறது. அதற்கப்புறம் மனுவைக்கூட வாங்கமாட்டார்கள்.

தனித்தேர்வர்களுக்கு, பரீட்சை நடக்கும் அதே பெண்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் செய்முறை வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் சந்தியா, தற்காலிக ஆசிரியை, இருபத்துநாலு வயது. முதல் நாள் தன்னைவிட மூத்த இருபது பெண்களைப் பார்த்து மிரண்டுபோய், கரும்பலகையைப் பார்த்தபடியே முழு வகுப்பையும் நடத்தி முடித்தாள். அடுத்த வாரம்தான் முகம் பார்த்துப் பேச்சு வந்தது.

இலை வெயிலையும் தண்ணீரையும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் வைத்து மாவுச்சத்தைச் சமைக்கிறது என்று சந்தியா சொன்னாள். அயோடினைச் சொட்டினால் மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும். வெயில் படாமல் கறுப்புக் காகிதத்தால் மூடிவைத்த பகுதியில் சமையல் நடந்திருக்காது, அதனால் அங்கே நிறம் மாறாது. ராத்திரியில் இலை என்ன செய்யும் என்று புவனேஸ்வரி கேட்டாள். சுவாசிக்கும் என்றாள் சந்தியா. பகலில் சமைத்ததை ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து அதிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்ளும், அந்த வேலை பகலிலும் நிற்காது, ராத்திரியிலும் நிற்காது.

"அப்ப நம்ம வீடு மாதிரிதான் டீச்சர். அடுப்பு ஒரு வேளை எரியும், பசி நாள் பூரா இருக்குது," என்றாள் புவனேஸ்வரி. வகுப்பே சிரித்தது. சந்தியா சிரித்துவிட்டு, இதைவிடச் சரியாகத் தனக்கே சொல்லத் தெரியாது என்றாள்.

இன்னொரு சனிக்கிழமை எல்லோரையும் கைகளை நீட்டி முந்நூறு தரம் விரல்களை மூடித் திறக்கச் சொன்னாள். நூற்றைம்பதை எட்டும்போதே முக்கால்வாசிப் பேர் கையைத் தொங்கவிட்டார்கள். தசைக்கு ஆக்சிஜன் போதாதபோது செல்கள் அரைகுறையாகத்தான் உணவை உடைக்கும், கிடைக்கும் ஆற்றலும் கொஞ்சம்தான், லாக்டிக் அமிலம் தங்கிவிடும், அதனால் கை எரியும் என்று சொன்னாள். புவனேஸ்வரி முந்நூறையும் முடித்துவிட்டுத் தன் முன்னங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் பாவுக்கு வந்ததிலிருந்து எரியும் எரிச்சல் அது. அதற்கு ஒரு காரணம் உண்டென்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சந்தியா ஒன்றைச் சொல்லுவாள்: "புக்குல போட்டிருக்கறத எழுதாதீங்கக்கா. உங்க இலையில என்ன தெரியுதோ அத எழுதுங்க. அதான் சயின்ஸ்."

பரீட்சைக் கூடத்துக்குள் புவனேஸ்வரி நுழைந்தபோது மற்றவர்கள் எழுதவே தொடங்கிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கோதண்டபாணி, தலைமையாசிரியராகி ஓய்வுக்கு நெருங்கியவர், மேசைக்குப் பின்னால் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார். மதியம் இன்னொரு குழு இருந்தது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். அவளை நிற்கவைத்தே வாய்மொழிக் கேள்வி கேட்டார். சுவாசித்தலுக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் என்ன வேறுபாடு என்றார். ஒன்று உணவைக் கட்டுகிறது, ஒன்று அதை அவிழ்த்து ஆற்றலை எடுக்கிறது, ஒன்றுக்கு வெயில் வேண்டும், மற்றதற்குப் பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான் என்றாள் அவள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்லச் சொன்னார். அதே விஷயத்தை இரண்டாம் முறையும் தன் வார்த்தையிலேயே சொன்னாள்.

சந்தியா காலையிலேயே செம்பருத்தி இலைகளை எரிசாராயத்தில் வேகவைத்துப் பச்சையம் நீக்கி வைத்திருந்தாள். ஆளுக்கு ஓர் இலை. புவனேஸ்வரிக்குக் கடைசி இலை வந்தது. வெளிறி மெத்தென்று ஈரமாக இருந்த அதை வெள்ளைத் தட்டில் வைத்து, ஐந்து விரல்களாலும் சுருக்கம் எடுத்துப் பரப்பினாள். அயோடினைச் சொட்டினாள்.

ஓரங்கள் கருநீலமாயின. நடுவில் கறுப்புக் காகிதம் மூடியிருந்த பட்டை மஞ்சளாக நிற்க வேண்டும். அங்கேயும் நீலம் வந்தது. ஒரே சீராக அல்ல. ஐந்து நீள்வட்டப் புள்ளிகள், ஒன்று பெரிதாகத் தள்ளி, நான்கு வரிசையாக.

பக்கத்து மேசைத் தேவகி, பாவு முடியும்வரை நிற்காமல் இழை அறுந்தபோதே முன்னால் ஓடிவந்துவிட்டவள், இவள் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணால் ஜாடை காட்டினாள். தேவகியின் தாளில் 'மூடிய பகுதி நீலமாகவில்லை' என்று அழகாக எழுதியிருந்தது. அவள் இலைமேல் இன்னும் அயோடினே சொட்டவில்லை.

புவனேஸ்வரி புள்ளிகளை இன்னொரு முறை எண்ணினாள். பிறகு எழுதினாள்: 'மூடிய பகுதியில் ஐந்து இடங்களில் நீலம் தெரிகிறது.'

தாளை வாங்கிய கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இத அடிச்சிட்டு, நீலமாகவில்லைன்னு எழுதும்மா. போட வேண்டியத போட்டு அனுப்பிடறேன்."

"ஆயிருக்குதே சார்."

"ஆகக் கூடாது."

சந்தியா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, மாத்தி எழுதிடுங்கக்கா. ப்ளீஸ்," என்று காதோரம் சொன்னாள். புவனேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தேர்வாளர் சொன்னதைவிட இதுதான் அவளுக்கு வலித்தது. வெங்கடேசன் ஒட்டிவிட்டுப் போ என்றார், இந்தப் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள்.

மறுபடி தட்டைப் பார்த்தாள். பெரிய புள்ளி தள்ளி, நான்கு வரிசையாக. அவள் தன் வலக்கையைத் தட்டின் மேல் தொடாமல் விரித்துப் பிடித்தாள். ஒவ்வொரு விரலும் ஒரு புள்ளிக்கு நேராக நின்றது.

"இது இலையோடது இல்ல சார். என் கையோடது," என்றாள். "காலைல பாவுக்குக் கஞ்சி போட்டுட்டு வந்தேன். அரிசிக் கஞ்சி. அதுவும் மாவுச்சத்துதானே."

கதை விடாதே என்றார் அவர். செய்து காட்டுகிறேன், அயோடின் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். அயோடின் புட்டி அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அசையவில்லை. கூடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

சந்தியா கையை நீட்டிப் புட்டியை எடுத்துப் புவனேஸ்வரியிடம் கொடுத்தாள்.

இந்தக் கறை இரண்டு நாளைக்குப் போகாது, கறைக் கையைப் பட்டில் வைக்க வெங்கடேசன் விடமாட்டார் என்பது புவனேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்தேதான் விரல் விரலாகச் சொட்டினாள். நகக்கண்ணில் முதலில் ஏறியது, பிறகு ரேகைகளில் ஓடி, விரல்நுனி ஐந்தும் கருநீலமாயின. அந்தக் கையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பாருங்க சார். இலை பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. கையை சோப்பு போட்டுக் கழுவிக்கினு வரேன், வேற இலை குடுங்க. உங்க கண்ணு முன்னாடி செய்றேன்."

இலை தீர்ந்துவிட்டது என்றார் அவர். இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை என்றார். பிறகு மதிப்பெண் பட்டியலை இழுத்து, இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். மறைத்த கைக்கு மேல் எழுத்து எட்டிப்பார்த்தது. அவளுக்குத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும். பதினான்கு.

"எதுக்கு சார் பதினஞ்சுக்கு ஒரு மார்க்கு கொறச்சல்?"

"செய்முறையில சுத்தம் இல்ல."

"அழுக்கு இல்ல சார் இது. நீங்க கல்யாணத்துக்கு எடுக்கறீங்களே பட்டு, அதுலயும் இதுதான் இருக்குது. அது மட்டும் சுத்தமா?" அவள் குரல் உயரவில்லை. "சொட்டாம எழுதினவங்க எல்லாரும் பாஸு. நான் சொட்டிப் பார்த்து எழுதினேன். அதுக்குத்தான் கொறைக்கிறீங்கன்னா அதையே எழுதுங்க."

அவர் வருகைத் தாளோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா பக்கம் திரும்பி, இந்தத் தற்காலிக டீச்சரின் முழுப்பெயர் என்ன என்று கேட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். சந்தியா காலித் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். அவள் தலை குனியவில்லை.

வருகைப் பதிவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் உறையை மூட முடியும். குமாஸ்தா வருகைத் தாளைத் திருப்பி வைத்தார். அவள் விரலில் நீலத்தைப் பார்த்ததும் கைநாட்டு ஆள் என்று நினைத்தவர், தலையை நிமிர்த்தாமலே மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளி, "கட்டைவிரல் இங்க வைம்மா," என்றார்.

புவனேஸ்வரி மைப்பெட்டியை மூடினாள். பேனாவை வாங்கி, தன் பெயருக்கு நேரே ஓர் எழுத்தும் விடாமல் முழுப்பெயரை எழுதினாள். கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. அடுத்த கட்டத்திலும் ஏற்றி, அதன் கீழே 'நான் பார்த்ததையே எழுதினேன்' என்று முடித்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தாள். தாளை அவர் பக்கம் தள்ளியபோது அதன் ஓரத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தன. குமாஸ்தா அதை அப்படியே மடித்து உறையில் போட்டு, அரக்கை உருக்கிச் சொட்டினார்.

வெளியே மரத்தடியில் மதியக் குழு காத்திருந்தது. பெண்கள் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று ஒருத்தி இவளை மறித்தாள். இடுப்பில் வெள்ளையாகக் கஞ்சி காய்ந்த துணி. அவளும் ஏதோ ஒரு தெருவில் பாவை முடித்துவிட்டு ஓடிவந்தவள்தான்.

"மொதல்ல சோப்பு போட்டுக் கையக் கழுவுமா," என்றாள் புவனேஸ்வரி, தன் கையை விரித்துக் காட்டி. "அப்புறம் இலையப் பாரு. பார்த்துட்டு எழுது."

அவள் தலையாட்டிவிட்டுக் குழாயைத் தேடிப் போனாள். மற்றவர்கள் வரிசையை விட்டு நகரவில்லை. புவனேஸ்வரி வாசலைத் தாண்டும்வரை அவர்கள் குரல் பின்னாலேயே வந்தது. மூடிய பகுதி நீலமாகவில்லை. மூடிய பகுதி நீலமாகவில்லை.