ஈரக்குலை

அவன் கறிக்கடைக்காரன். தோலுரித்த ஆட்டின் நெஞ்சுக்குள் கையை விட்டு இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் ஒரே இழுப்பில் உருவிக் கொக்கியில் மாட்டுவான்.

அப்பாவின் ஈரல் கெட்டுப்போய், பிள்ளைகளில் ஒருவர் பாதி ஈரல் கொடுத்தால்தான் பிழைப்பார் என்றானபோது, முதலில் அவனைத்தான் பரிசோதித்தார்கள். எல்லாம் பொருந்தியது.

"என் வயித்துல கத்தி படும்னு நினைச்சாலே கை கால் ஓடல டாக்டர். என்னால முடியாது. வீட்டுல சொல்லிடாதீங்க" என்றான். டாக்டர் வற்புறுத்தவில்லை.

வெளியே வந்து தங்கையிடம், "எனக்குப் பொருந்தலையாம்" என்றான்.

"அதனால என்னண்ணா, நான் இருக்கேன்ல?" என்றாள் அவள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கை எழுந்து உட்கார்ந்த அன்று டாக்டர் வந்தார். "ப்ளக்கி கேர்ள்!" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. முறைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

தங்கை போனில் அந்த வார்த்தையைத் தேடினாள்.

"துணிச்சல்காரின்னு அர்த்தமாம். அட, இது உன் கடைச் சரக்குண்ணா! ப்ளக்னா பிடுங்கறது. அறுத்த ஆட்டுலேர்ந்து இதயம், ஈரல், நுரையீரல் எல்லாத்தையும் மொத்தமா பிடுங்கி எடுக்கறாங்கல்ல, அதுக்கும் அதே பேருதானாம். நம்ம ஈரக்குலை! தைரியம் அங்கதான் இருக்குன்னு நினைச்சு, தைரியத்துக்கே அந்தப் பேரு வந்துடுச்சாம். நமக்கு அது நடுங்கத்தான் லாயக்கு!"

சிரித்தவள் தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வலியைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

"எனக்குப் பொருந்திச்சு."

"என்னது?"

"பயந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்னை உள்ள கொண்டுபோறப்ப, 'இது நானா இருந்திருக்கக் கூடாதா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியேண்ணா?"

அவன் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை.

"பயமா இருக்குன்னு நீ சொல்லியிருந்தாலும் நான்தான் குடுத்திருப்பேன். நீ அழுததுதான்... அதை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல." சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாத. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. இப்ப நீ போ."

அவன் பக்கத்து அறைக்குள் நுழைந்தபோது நர்ஸ் அப்பாவுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இவன்தான் என் மூத்தவன்," என்றார் அப்பா அவளிடம். "முதல் ஆளா வந்து நின்னான். என்ன செய்ய, அவனுக்குக் குடுத்து வைக்கல."

அவன் அப்பாவின் வாயருகே தண்ணீர்த் தம்ளரைப் பிடித்தான். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.