வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?

மனித குல வரலாற்றையே புரட்டிப்போடவல்ல ஓர் அறிவிப்பு, சென்ற ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஓசூர் சிப்காட்டில் பிரேக் டிரம் கடையும் கம்பெனி ஒன்றின் வாசலில் ஒட்டப்பட்டது. இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், இன்று முதல் இவ்வளாகத்துக்குள் யாரும் யாரையும் திட்டக்கூடாது. தவறு கண்டால் தனியே அழைத்து, கனிவோடும் புன்னகையோடும் எடுத்துச் சொல்ல வேண்டும். மீறுவோருக்குப் பதவி உயர்வு கிடையாது.

கடைசி வரி திருமலையின் நெஞ்சில் பாய்ந்தது. பர்கூர்க்காரரான அவர் அங்கே லைன் சூப்பர்வைசர். ஷிப்ட் இன்சார்ஜ் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்தது நீங்கதான் என்று மேலே இருப்பவர்கள் காதில் போட்டும் வைத்திருந்தார்கள். மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த ராயக்கோட்டை மாப்பிள்ளை வீட்டில் அவர் ஏற்கெனவே இன்சார்ஜ் ஆகிவிட்டிருந்தார்.

திருமலையின் திட்டு லேசுப்பட்டதல்ல. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் தாய் தகப்பனை விசாரித்து, கன்னடத்தில் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைப்பார். தப்பாகக் கடைந்த டிரம்மை அவர் உதைத்தால் அது உருண்டுபோய் எதிர் மெஷினில் முட்டித்தான் நிற்கும். ஒருமுறை கையிலிருந்த ஸ்பேனரை வீசி ஒருத்தன் ஹெல்மெட்டைப் பிளந்திருக்கிறார். தலை தப்பியது ஹெல்மெட்டின் புண்ணியம். ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நிம்மதியாகத்தான் மெஷினுக்குத் திரும்புவான். திட்டு விழுந்தால் நாளைக்கும் வேலை இருக்கிறது. போகப்போகிறவனை எவன் மெனக்கெட்டுத் திட்டுவான்?

அந்தக் கம்பெனியில் கனிவுக்கென்று இருந்தது ஒரே ஓர் இடம். ஹெச்.ஆர். பிரவீனா மேடத்தின் கண்ணாடி அறை. உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று அந்தம்மா கேட்டால் கதை முடிந்தது. லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமையே சோதனை வந்தது. சாமல்பட்டியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் பையன் தமிழரசன், டிரம்களை அளவுக்கு மீறிக் கடைந்து ஒரு பாலெட் அடுக்கு முழுவதையும் குப்பையாக்கியிருந்தான். லைன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. திருமலையின் வலது கால் தானாகவே பின்னால் போனது. நாற்காலியை நினைத்தார். காலை இழுத்துக் கீழே வைத்தார்.

பையனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தன் பாட்டிலையே திறந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு சிரித்தார், பார்த்தவர்கள் பல்வலி என்றே நினைத்தார்கள். கனிவாக எப்படிப் பேசுவது என்பதற்கு அவர் அறிந்த முன்மாதிரி ஒன்றே ஒன்றுதான்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாப்பா?"

தமிழரசனின் முகம் வெளிறிப்போனது. "திட்டுங்கண்ணா," என்றான்.

"சேச்சே. நான் எதுக்குப்பா திட்டறேன்?"

"நாலு அறை வேணா அறைங்க. டிரம்ம ஒதைங்கண்ணா."

"அதெல்லாம் எதுக்கு. நீ உடம்பப் பாத்துக்க."

உடம்பப் பாத்துக்க என்ற பிறகு சந்தேகத்துக்கு இடமேது? பையன் டேபிள்மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் திருமலையின் தோளில் ஒரே போடு போட்டான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து மெஷின் வரை கேட்டது. விழுந்தவர் வயிற்றில் மிதித்தான். எழப்பார்த்தவர் தலைமுடியைப் பிடித்து மெஷின் கதவில் இடித்தான். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். நாக்கின் நுனி வரை மூன்று மொழியும் வந்து முட்டி நின்றன. திருமலை அத்தனையையும் ரத்தத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "தம்பி, இது தப்பில்லையாப்பா?" என்றார்.

அதைக் கேட்டதும் பையனுக்கு வெறி தலைக்கேறியது. கனிவு கூடக்கூட அடியும் கூடியது. நாலு பேர் சேர்ந்துதான் அவனைப் பிய்த்தெடுத்தார்கள். போலீஸ் ஜீப்பில் ஏறும்போதும், திட்டியிருந்தா நான் பாட்டுக்கு வேலையப் பார்த்திருப்பேனே என்று அழுதானாம்.

தோளுக்குக் கட்டும் நெற்றியில் தையலுமாகத் திருமலை திரும்பி வந்த அன்றே பிரவீனா மேடம் கூப்பிட்டனுப்பினாள். கண்ணாடி அறைக்குள் போனார். நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவருடைய கட்டைப் பார்த்ததும் குரல் தழுதழுத்தது.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?"

அடிபட்டும் வாய் திறக்காமல் கிடந்த மனுஷனுக்கு இதுதானா கூலி? திருமலை நல்ல கையால் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிச் சுவரில் விட்டெறிந்தார். சுவர் மழையாகக் கொட்டியது. தண்ணீர் கேன் நிற்கும் ஸ்டாண்டை உதைத்துச் சாய்த்தார். கம்ப்யூட்டரைப் பிடுங்கி வாசல் செக்யூரிட்டியின் முகத்தில் எறிய, அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தேக்கி வைத்த மூன்று மொழியும் ஒன்றாகத் திறந்துகொண்டன. மேடத்தின் மூன்று தலைமுறைக்கும் பங்கு கிடைத்தது. கடைசியாக மேசையையும் புரட்டினார்.

மேசையிலிருந்த மைசூர்பாகு டப்பா உடைந்து துண்டுகள் கண்ணாடிச் சில்லோடு சிதறின. வேலையை விட்டு அனுப்பப்படுகிறவனுக்கு யாரும் ஸ்வீட் வாங்கி வைப்பதில்லை. திருமலையின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்சார்ஜ் ப்ரமோஷன் சார்," என்று மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்கதான் திட்டவே இல்லையே."

திருமலைக்கு வேலை போன சேதியை மறுநாள் வாட்ச்மேன் பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்று கத்திச் சொன்னான்.