கோணி ஊசி

அத்தா மன்னிப்புக் கேட்கப் புறப்பட்ட முதல் நாள் ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லை. பங்க் வரைக்கும் நான் தள்ளினேன், அத்தா கூடவே நடந்து வந்தார். அவர் கையில் ஹஜ் கமிட்டி அனுப்பிய சுற்றறிக்கை. அதன் பின்பக்கத்தில் வரிசை எண் போட்டு ஆட்களின் பெயர்கள். "பெட்ரோல் போடாம வுட்டதுக்கு உன்ன மன்னிச்சிட்டேன்" என்றார். அத்தா வருடத்துக்கு ஒரு நகைச்சுவைதான் சொல்வார். அந்த வருடத்துக்கானது அதோடு முடிந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் கிளம்பும் முன் சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர், சண்டைக்காரர் எல்லாரையும் தேடிப்போய், தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். கப்பலில் போன காலத்தில் திரும்பி வருவது நிச்சயமில்லை. இப்போது விமானத்தில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் குறையவில்லை. ஹஜ் கமிட்டியின் குலுக்கலில் அத்தா, அம்மா இருவர் பெயரும் வந்திருந்தது. அம்மா தன் மன்னிப்புகளைப் போனிலேயே முடித்துவிட்டாள். அத்தா நேரில்தான் கேட்பேன் என்றார். எனக்கு பி.காம். கடைசிப் பரீட்சை முடிந்திருந்தது, ஸ்கூட்டர் ஓட்ட ஆள் தேவைப்பட்டது.

மன்னிப்பு இவ்வளவு மலிவான பொருள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. கேட்பதற்குள் கொடுத்துவிட்டு, மறுவார்த்தையில் தங்கள் தேவையைச் சொன்னார்கள். ஒருவருக்கு முட்டி வலி, அத்தா அங்கே துவா செய்ய வேண்டும். ஒருவருக்கு மகனின் துபாய் விசா. எலவனாசூர்கோட்டையில் இருக்கும் சின்னத்தா, அத்தாவின் தம்பி, எங்களோடு பதினோரு வருடமாக ஒரு பொதுச் சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவர். அவரும் அத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அத்தா, "அந்த செவுத்த..." என்று ஆரம்பித்தார். சின்னத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "செவுரு வேற, மன்னிப்பு வேற. ரெண்டயும் போட்டுக் கொழப்பிக்காத" என்றார்.

பட்டியலின் கடைசி எண்ணுக்கு எதிரே பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோடு யார் என்று எனக்குத் தெரியும்.

எங்களுடையது சாக்குக் கடை. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் பழைய கோணி, தார்ப்பாய், கயிறு. ராஜாங்கண்ணன் எங்களிடம் ஒன்பது வருடம் இருந்தார். கருணாபுரத்துக்காரர். மூட்டை தூக்குவார், கிழிந்த சாக்குகளைத் தைப்பார். கோணி ஊசி விரல் நீளம் இருக்கும், நுனி லேசாக வளைந்திருக்கும், அதன் காதில் ஒரு தீக்குச்சியே நுழையும். அவர் தெருவில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே அதில் சணல் கோப்பார். மாலையில் பாக்கெட் சாராயம் குடிப்பார், காலையில் வருவார். அத்தா தினமும் திட்டுவார். இரண்டும் கடிகாரம் போல நடந்தன.

போன வருடம் பக்ரீத் முடிந்து இரண்டாம் நாள் காலை அவர் வந்து சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார். ஊசியை எடுத்தார். சணலை நீட்டினார், அது ஊசிக்கு ஒரு விரல் தள்ளிப் போனது. மறுபடி நீட்டினார், இந்தப் பக்கம் போனது. "கண்ணுல இன்னாமோ மூட்டமா கீது தம்பி, வயிறும் வலிக்குது" என்றார். முந்தின இரவின் மிச்சம் என்று நான் நினைத்தேன். கல்லூரியில் நான் பிறர் குரலில் பேசிக் காட்டுவதில் பெயர் பெற்றவன். அந்தப் பெயர் வருகைப் பதிவுக்கு உதவவில்லை, ஆனாலும் விடவில்லை. வீடியோ எடுக்கப் போனை நீட்டினேன். கிரிக்கெட் வர்ணனைக் குரலில் பேசினேன். பன்னிரண்டு விநாடி. அத்தா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார், பார்த்துச் சிரித்தார். பிறகு சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தவர் போல, "நடிக்காத. குடிச்சிட்டு இனிமே படி ஏறாத. போய்த் தூங்கு, போ" என்று விரட்டினார். ராஜாங்கண்ணன் கையால் ஷட்டரைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். ஆறு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். பதினொன்றரை மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் போனது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் நிற்கவேயில்லை. மதியம் ஸ்டேட்டஸை அழித்தேன். முந்தின இரவு விற்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது, முதலில் கண்தான் போகுமாம். சாயங்காலத்துக்குள் ராஜாங்கண்ணன் இறந்துபோனார். மறுநாள் மழையில் கோமுகி ஆற்றங்கரையில் உடல்களை வரிசையாக வைத்திருந்தபோது அத்தாவும் நானும் போனோம். அத்தா எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் குடையோடு அங்கும் இங்கும் நடந்தார்.

அந்த வீடியோ போனில் இருந்தது. அழிக்கவில்லை.

இந்த மே மாதம் அந்தக் கடைசி எண்ணுக்காகக் கருணாபுரம் போனோம். ராஜாங்கண்ணனின் மனைவி கோகிலவாணி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மகள் சுபஸ்ரீ பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் அவருடைய படம். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, முகம் புள்ளி புள்ளியாக இருந்தது.

அத்தா எல்லாரிடமும் சொன்னதையே சொன்னார். ஹஜ்ஜுக்குப் போகிறேன், தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தப்பு நடந்திருந்தால் மன்னித்துவிடு.

"நீங்க இன்னா பாய் தப்பு பண்ணீங்க? கடேசி நாளும் நீங்கதான அவர வூட்டுக்கு அனுப்பி வச்சீங்க. மொதலாளி லீவு குட்த்துட்டாரு, போய்ப் படுன்னாருன்னு சொல்லிக்கினே வந்து படுத்தாரு. மூட்டயத் தூக்கிக்கினு எங்கனா ரோட்டுல வுழுந்து போயிருந்தா நான் பாத்துருப்பனா? எம் மடியில போனாரு. அதுக்கு நான் உங்களுக்குப் புண்ணியம் சொல்லணும்."

அத்தா வாயைத் திறந்து, திறந்ததைத் தண்ணீர் குடிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். அவள் மன்னித்தாள். அங்கே போய் ராஜாங்கத்தையும் நினைத்துக்கொள்ளச் சொன்னாள். சுபஸ்ரீ எங்களுக்காகக் கடைக்குப் போய் ஆளுக்கொரு கலர் வாங்கி வந்தாள். ஆரஞ்சு. அத்தா முழுதும் குடித்தார். வெளியே வந்து பட்டியலை எடுத்தார். எல்லாப் பெயருக்கும் டிக் அடித்த அதே பேனா. மூடியைத் திறந்தார், மூடினார், சட்டைப் பைக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் ஹஜ் விளக்க வகுப்பு. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்திக் கஅபா மாதிரி வைத்திருந்தார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துண்டை எப்படிக் கட்டுவது என்று பழகினார்கள். பலருக்கு நழுவியது. அத்தா தொப்பையின் மேல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியை ஏழு சுற்று சுற்றினார். வேறு நாளாக இருந்தால் அந்தக் காட்சியை வைத்தே நான் நண்பர்களிடம் ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

வகுப்பு எடுத்த ஹஜ்ரத் சொன்னார். அல்லாவுக்குச் செய்த தப்பை அல்லா மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அவன் இல்லையென்றால் அவனுடைய வாரிசு. கேள்வி உண்டா என்றார். கழிப்பறை, சாப்பாடு, சர்க்கரை மாத்திரை பற்றிய கேள்விகள் வந்தன. பிறகு அத்தா எழுந்தார், துண்டைப் பிடித்தபடி.

"மன்னிப்பு குடுத்தவங்களுக்கு எதுக்குக் குடுத்தோம்னு தெரியலன்னா, ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் கொஞ்ச நேரம் மைக்கைத் தடவினார். "அவங்க மரியாதைக்குச் சொன்னதா இருக்கும் பாய். நீங்க சொல்லித்தான் கேக்கணும்."

மறுபடி கருணாபுரம் போய்ச் சொல்ல வீட்டில் அம்மா விடவில்லை. ஷர்புன்னிசா என்ற பெயர் கொண்ட அவளை அத்தா முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அன்று வீட்டில் சண்டை என்று அர்த்தம். அன்று கூப்பிட்டார். அம்மா பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அவ புருசன் நல்லபடியா வூட்டுக்கு வந்து செத்தான்னு நெனச்சிக்கினு கீறா. அதயும் புடுங்கப் போறீங்களா? ஒம்போது வருசம் அவன் உங்க மூட்டயத் தூக்கினான். இப்ப உங்க பாரத்த எறக்கி வைக்க அவ தலதான் கெடச்சுதா?"

எனக்கு அம்மா சொல்வது சரி என்று பட்டது. அவள் சொல்வது சரியாக இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். அத்தா வெள்ளை ஜிப்பாவோடு வந்து, மாலைக்குக் கழுத்தை நீட்டாமல், "ஒரு எடம் பாக்கி கீது, தோ வந்துர்றேன்" என்று ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். அம்மா வேனுக்குள் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தாள். வழியெல்லாம் அத்தாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

கோகிலவாணி வேலைக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸ் இருந்த ஒயர் கூடையோடு நின்றாள். அத்தாவின் ஜிப்பாவைப் பார்த்து, "கெளம்பிட்டீங்களா பாய், போய்ட்டு வாங்க" என்றாள்.

"லீவு குடுக்கலம்மா" என்றார் அத்தா. "அன்னிக்கி. நான் லீவு குடுக்கல. கண்ணு தெரியல, வயிறு வலிக்குதுன்னுதான் சொன்னாரு. குடிச்சிட்டு நடிக்கிறன்னு சொல்லித் தொரத்தி வுட்டேன். ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி கீது. போய்த் தூங்குன்னேன். சிரிச்சேன்."

அவர் 'சிரிச்சோம்' என்று சொல்லவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, நான் எங்கேயும் போகவில்லை, என் பேரில் யாரும் பட்டியல் போடவில்லை. இத்தனையும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் வாய் திறந்துகொண்டது.

"நான் வீடியோ எடுத்தேன்க்கா. நூலு கோக்கத் தெரியலன்னு. ஸ்டேட்டஸ் வச்சேன்."

அவள் கூடையைக் கீழே வைக்கவில்லை. பிடி மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. பக்கத்துக் குழாயில் யாரோ குடம் வைத்தார்கள். உள்ளே சுபஸ்ரீ ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

"லீவுன்னாரே எங்கிட்ட" என்றாள். பிறகு அத்தாவைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போல, "அன்னிக்கி மன்னிச்சிட்டேன்னு சொல்ட்டேனே பாய். அது இப்ப செல்லுமா, செல்லாதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"தெரியலம்மா" என்றார் அத்தா.

என் போன் அடித்தது. வேனிலிருந்து. நிறுத்தினேன். அவள் பார்வை என் கையிலிருந்த போனில் நின்றது.

"அது போன்ல இன்னும் கீதா?"

தலையாட்டினேன்.

"போடு."

"வேணாம்க்கா."

"அவரு பேசறது எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல தம்பி. போடு."

தேடி எடுத்துக் கொடுத்தேன். கூடையை அப்போதுதான் வைத்தாள். சுபஸ்ரீ வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். என் குரல்தான் முதலில் வந்தது. 'கருணாபுரம் சிங்கம் ராஜாங்கம் களத்தில் இறங்குகிறார், சணலைக் கையில் எடுக்கிறார், இதோ வீசுகிறார், மிஸ்.' பின்னால் அத்தாவின் சிரிப்பு. வருடத்துக்கு ஒருமுறை வருவது, நன்றாகவே கேட்டது. 'மறுபடியும் மிஸ். ரசிகர்கள் ஏமாற்றம்.' கடைசியில் ராஜாங்கண்ணன் காமிராவின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஆனால் காமிராவுக்குச் சற்றுத் தள்ளி எங்கோ பார்த்து, "மெய்யாலுமே தெரில தம்பி" என்கிறார். அதோடு முடிகிறது.

கோகிலவாணி அதை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது முறை அவளே போட்டாள். அத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேன் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டிருந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தா திரும்பவில்லை.

நான்காவது முறை ஓடும்போது அவள் விரல் திரையைத் தொட்டது. படம் அப்படியே நின்றது. சணலின் நுனி பிசிறு பிசிறாக, ஊசியின் காதுக்கு ஒரு விரல் தள்ளி. அவள் விரல் அந்த இடைவெளியின் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது.

"அணையாம வையி தம்பி" என்றாள்.

நான் குனிந்து, படம் ஓடிவிடாதபடி திரையின் ஓரத்தை மெல்லத் தொட்டேன். வெளிச்சம் வந்தது. ஹாரன் மறுபடி அடித்தது. வெளிச்சம் மங்கியது. மறுபடி தொட்டேன்.